டிசம்பரைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்: நேட்டால் கடற்கரையில் குடியேறும் இளந்தம்பதிக்கு

டிசம்பர் நடுவில் பள்ளிக்கூடங்கள் மூடியதும் ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நேட்டால் கடற்கரைக்கு இறங்கி வந்துவிடும். மார்கேட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. பலீட்டோவில் உணவகங்களுக்கு ஆள் போதாது. இரண்டறை ஃப்ளாட்டுக்கு மாத வாடகை கேட்டால், ஒரு வாரத்துக்கான வாடகையைச் சொல்வார்கள். அந்த நாட்களில் வந்து பார்த்துவிட்டு "வேலைக்குப் பஞ்சமில்லை, வீடுதான் கிடைக்காது" என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். பிப்ரவரியில் அந்த நிலை அப்படியே தலைகீழாகிவிடும். பூட்டிய ஃப்ளாட்டுகள் வரிசையாக நிற்கும், வேலை கேட்டால் அடுத்த சீசனுக்கு வரச் சொல்வார்கள். நீங்கள் வருடம் முழுவதும் வாழப்போவது பிப்ரவரியின் ஊரில். வாடகையையும் சம்பளத்தையும் அந்த ஊரை வைத்தே கணக்கிட வேண்டும்.

எப்போது வருவது

ஆடியில் வீடு மாற மாட்டோம், ஆனால் வீடு பார்க்க ஆடி மாதம் மிக ஏற்றது. ஜூலைப் பள்ளி விடுமுறை முடிந்து ஊர் அடங்கியிருக்கும். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரையும் ஓரிடத்தில் பார்க்கலாம். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், யார் வீட்டுப் பின்கட்டு காலியாக இருக்கிறது, எந்த முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பார் என்பதையெல்லாம் அங்கே இருக்கும் அன்ட்டிகள் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். எந்த இணையதளத்திலும் இது கிடைக்காது.

ஆவணியில் ஒப்பந்தம் போடுங்கள். ஹோட்டல்களும் கடைகளும் சீசனுக்கு ஆள் எடுப்பது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. அதற்குள் உள்ளூர் முகவரியோடு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஆவணி தவறினால் தைக்குக் காத்திருங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது இந்தக் கரையில் வீட்டு விஷயத்தில் அப்படியே பலிக்கும்: விருந்தினர் போனபின் காலியாகக் கிடக்கும் ஃப்ளாட்டுகளை உரிமையாளர்கள் நீண்ட வாடகைக்கு விட முன்வருவார்கள், பேரம் பேசவும் இடம் இருக்கும். ஆனால் அதே மாதத்தில்தான் ஹோட்டல்கள் ஆளைக் குறைக்கும். அதனால் தையில் வருவதென்றால் இருவரில் ஒருவருக்காவது சீசனைச் சாராத வேலை முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.

கடலுக்கு எவ்வளவு தூரம்

டர்பனிலிருந்து தெற்கே அமன்சிம்டோட்டி அரைமணி நேரம். ஸ்காட்பர்க் சுமார் 60 கிலோமீட்டர், போர்ட் ஷெப்ஸ்டன் 120, மார்கேட் 130. வடக்கே உம்ஹ்லாங்கா நகரத்தோடு ஒட்டியே இருக்கிறது. பலீட்டோ சுமார் 45 கிலோமீட்டர். என்-2 நெடுஞ்சாலையில் வடக்கே டோங்காட்டிலும் தெற்கே போர்ட் ஷெப்ஸ்டன் அருகே ஒரிபியிலும் சுங்கச் சாவடி உண்டு. தினமும் இரண்டு முறை கடப்பதென்றால் அந்தக் கட்டணத்தை 22 வேலை நாளால் பெருக்கி வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். 'மலிவான' வீடு பல நேரம் அங்கேயே விலையேறிவிடும்.

1950-இன் குழுப் பகுதிச் சட்டம் கடலோரத்தின் முதல் வரிசையைப் பெரும்பாலும் வெள்ளையருக்கு ஒதுக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் மக்களின் ஊர்கள் அதனால் சற்று உள்ளே அமைந்தன. பலீட்டோவுக்குப் பின்னால் ஷாகாஸ்க்ரால், உம்ஹ்லாங்காவுக்குப் பின்னால் வெருலம், ஸ்காட்பர்க்குக்குப் பின்னால் உம்சிண்டோ, போர்ட் ஷெப்ஸ்டனுக்குப் பக்கத்தில் மார்பர்க். இசிபிங்கோ பீச்சும் டோங்காட் கரையின் தேசாய்நகரும் விதிவிலக்குகள். சட்டம் போய்விட்டது, வாடகை வித்தியாசம் போகவில்லை. கடற்கரைக்கு ஊர் மாறும் தம்பதிக்கு எங்கள் திடமான யோசனை இதுதான்: முதல் வருடம் இந்த உட்பகுதி ஊர்களில் ஒன்றில் குடியிருங்கள். கடல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இருக்கும். டிசம்பரிலும் உங்களை யாரும் கிளப்ப மாட்டார்கள். சாமான்கள் துருப்பிடிக்காது. கீரையும் இரட்டை அவரையும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும்.

வேலை: வருடம் முழுக்க ஓடுவது எது

ஹோட்டலும் உணவகமும் கண்ணுக்கு முதலில் படும் வேலை. ஆனால் சம்பளம் நிலையாக வருவது வேறு இடங்களிலிருந்து. கிங் ஷாகா விமான நிலையமும் அதை ஒட்டிய டூபே டிரேட்போர்ட் வணிக வளாகமும், உம்ஹ்லாங்கா ரிட்ஜில் உள்ள கால் சென்டர்களும் அலுவலகங்களும், இசிபிங்கோவை அடுத்த ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையும் அதற்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும், பலீட்டோவிலும் மார்கேட்டிலும் உள்ள தனியார் மருத்துவமனைகள், தென்கரையில் செசெலா சர்க்கரை ஆலையும் மக்கடேமியாத் தோட்டங்களும். தம்பதியில் ஒருவர் இப்படிப்பட்ட வேலையிலும் மற்றவர் சீசன் வேலையிலும் இருந்தால் பிப்ரவரியைத் தாண்டிவிடலாம். இருவரும் ஒரே ஹோட்டலில் சேர்வது பார்க்க வசதி. கிராக்கி குறையும்போது இருவர் சம்பளமும் ஒரே நாளில் நின்றுபோகும்.

ஆசிரியர் சேஸ் (தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றம்) பதிவும், செவிலியர் தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றப் பதிவும் இல்லாமல் நேர்காணலுக்கே போக முடியாது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் சாக்வா (தென்னாப்பிரிக்கக் கல்வித்தகுதி ஆணையம்) மதிப்பீட்டை ஊர் மாறும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆள் ஏற்றும் வண்டி ஓட்டும் வேலைக்குச் சாதாரண உரிமம் போதாது, தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: ஒருவருக்கு வேலை விசா கிடைத்து மற்றவர் துணையாக வரும்போது, அந்தத் துணை விசாவில் வேலை செய்ய முடியாது. இரண்டு சம்பளத்தை நம்பி வாடகை பேசிவிட்டு ஒரு சம்பளத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். இரண்டாமவருக்குத் தனி வேலை விசா வரும்வரை ஒரு சம்பளத்துக்குள் அடங்கும் வீடாகப் பாருங்கள்.

ஹோட்டல் வேலையில் சேருமுன் சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்குச் சாதாரண வேலை 45 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. கூடுதல் நேரம் ஒன்றரை மடங்கு, வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம். வழக்கமாகவே ஞாயிறும் வேலை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஒன்றரை மடங்கு. டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 எல்லாம் பொது விடுமுறை. அன்று வேலை செய்தால் இரட்டை. சீசன் சம்பளச் சீட்டில் முதலில் இந்த நான்கு நாட்களைத்தான் சரிபார்க்க வேண்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரையான இரவு வேலைக்கு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்து கிடைக்கும்படி முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும். மினிபஸ் டாக்ஸிகள் இரவு எட்டுக்கு மேல் அபூர்வமாகிவிடும் ஊர்கள் இவை. பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்தால் எப்படி வீடு போவது என்ற கேள்வியை நேர்காணலிலேயே கேளுங்கள்.

சம்பளத்தில் 1 சதவீதம் யூ.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தம், முதலாளி இன்னொரு 1 சதவீதம். சீசன் ஒப்பந்தம் முடிந்து வேலை போனால் அதிலிருந்து உதவித்தொகை கேட்கலாம். நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கேட்க முடியாது. ஜனவரியில் "ஒரு சின்னக் கடிதம் எழுதித் தந்துவிடு" என்று யாராவது கேட்டால் எழுதாதீர்கள். நியாயமில்லாமல் நீக்கினால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ.விடம் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி உங்களிடம் 'பதிவுக் கட்டணம்', 'சீருடைக் கட்டணம்' கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். வேலை தேடுபவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்குவதை 2014-இன் வேலைவாய்ப்புச் சேவைச் சட்டமே தடுக்கிறது.

சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விருந்தினர் இல்லங்களுக்குச் சமோசா, பிரியாணி, ரொட்டி கொடுப்பது வருமானம் தரும். ஆனால் வீட்டுச் சமையலறையிலிருந்து விற்றாலும் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துத் தரும் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். 2018-இல் வந்த ஆர்-638 விதிகள் அப்படிச் சொல்கின்றன. வீட்டு உரிமையாளரின் எழுத்து அனுமதியையும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு

2025 மார்ச் 1-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு சுமார் 5,600. இருவரும் அந்தக் கூலியில் இருந்தால், பிடித்தத்துக்கு முன் சுமார் 11,200. ஏஜென்டுகள் வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் கேட்பார்கள். அப்படியானால் உங்களால் எடுக்க முடிந்தது 3,700 ராண்ட் வாடகைக்குள்தான். அது கடல் தெரியும் ஃப்ளாட் அல்ல, உட்பகுதி ஊரில் ஒரு வீட்டின் பின்னால் உள்ள அவுட்பில்டிங். அதில் குறையொன்றும் இல்லை. ஒரு வருடம் அப்படி இருந்து, மூன்று மாதச் சம்பளச் சீட்டும் சுத்தமான வங்கிக் கணக்கும் சேர்த்துக்கொண்டு மேலே போனவர்களே நிலைத்திருக்கிறார்கள்.

குடி புகும் நாளில் முதல் மாத வாடகை, ஒன்று அல்லது இரண்டு மாத டெபாசிட், ஏஜென்டின் ஒப்பந்தக் கட்டணம், சாமான் வண்டி எல்லாம் சேர்த்து வாடகையின் நான்கு மடங்கு கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று மாதச் செலவுப் பணம். இதைச் சேர்க்காமல் கிளம்பாதீர்கள்.

வீட்டைப் பார்க்கும் விதம்

தெற்கு அரைக்கோளத்தில் சூரியன் வடக்கு வழியாகப் போகும். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் தென்றலுக்காகத் தெற்கு பார்த்த வீட்டைத் தேடினால், இங்கே வெயிலே படாத, ஓதம் ஏறிய அறைகள்தான் கிடைக்கும். மழையைக் கொண்டுவரும் காற்றும் தென்மேற்கிலிருந்து வருகிறது. படுக்கையறையும் துணி காயும் இடமும் வடக்கு அல்லது வடகிழக்கு பார்த்திருக்கட்டும்.

இங்கே மழைக்காலம் கோடைதான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பார்க்கும் வீடு எலும்பு போல உலர்ந்திருக்கும், ஜனவரியில் அதே சுவர் வியர்க்கும். அதனால் குளிர்காலத்தில் வீடு பார்க்கும்போது ஓதத்தின் தடயத்தைத் தேட வேண்டும். தெற்குச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கையை வைத்துத் தடவுங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தாலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ நீர் கீழிருந்து ஏறுகிறது. அறையில் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதித்த அலமாரியைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். குளியலறைக்கு வெளிக்காற்று வரும் ஜன்னல் இல்லாத வீட்டை விட்டுவிடலாம்.

கடலிலிருந்து முதல் இரண்டு மூன்று வரிசை வீடுகளில் உப்புக் காற்று இரும்பை விடாது. ஜன்னல் சட்டம் அலுமினியமா என்று பாருங்கள். இரும்புச் சட்டமென்றால் எல்லா ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள். துருவில் இறுகிப்போன ஜன்னலை நீங்கள் வந்தபின் யாரும் மாற்றித்தர மாட்டார்கள். கேட் மோட்டார், ஏசியின் வெளிப்பெட்டி, கம்பி அழிகளின் திருகுகள் ஆகியவற்றையும் பாருங்கள்.

கீசர் எங்கே இருக்கிறது, அதன் கீழே தட்டும் வடிகுழாயும் உண்டா என்று கேளுங்கள். கூரைக்குள் வைத்த கீசர் வெடித்தால் மேற்கூரைப் பலகை உங்கள் கட்டில் மேல் இறங்கும். 150 லிட்டர், 3 கிலோவாட் கீசர் குளிர்ந்த நீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் சுமார் 7 யூனிட் இழுக்கும். இருவருக்கு 100 லிட்டர் போதும்.

ப்ரீபெய்ட் மீட்டர் இருந்தால், உரிமையாளர் எதிரிலேயே 50 ராண்டுக்கு டோக்கன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். முந்தைய பாக்கி இருந்தால் நகராட்சி ஒவ்வொரு டோக்கனிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். யூனிட் குறைவாக வந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். தென்கரைக்குத் தண்ணீர் தரும் உகு மாவட்டத்தில் நாள்கணக்கில் குழாய் வறண்ட காலங்கள் பலமுறை வந்திருக்கின்றன, அதிலும் கூட்டம் கூடும் டிசம்பரில். டோங்காட்டில் 2022 ஏப்ரல் வெள்ளம் சுத்திகரிப்பு நிலையத்தையே கொண்டுபோனது. மாதக்கணக்கில் மக்கள் லாரித் தண்ணீருக்கு நின்றார்கள். 2,500 லிட்டர் ஜோஜோ (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருந்தால், ஆளுக்கு 100 லிட்டர் வீதம் இருவருக்குப் பன்னிரண்டு நாள் வரும். தொட்டிக்குப் பம்பு இருக்கிறதா, மின்சாரம் நின்றால் நீர் தானாக இறங்குமா என்பதையும் பாருங்கள். பம்பை மட்டும் நம்பிய தொட்டி, மின்சாரமும் சேர்ந்து போகும் நாளில் பயன்படாது.

கடைசியாக வெளியே வந்து மேட்டையும் பள்ளத்தையும் பாருங்கள். டர்பன் பகுதியின் சிவப்பு பெரியா மணல் காய்ந்திருக்கையில் சுவர் போல நிற்கும், நனைந்தால் சரிந்துவிடும். மேட்டின் விளிம்பிலோ அடியிலோ உள்ள வீட்டில் தாங்குசுவரில் விரிசல், வெளியே சாய்வு, மழைநீர் போக வழியின்மை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடுக்காதீர்கள். வாடகை பாதி என்றாலும் வேண்டாம்.

குரங்குகளையும் சொல்ல வேண்டும். வெர்வெட் குரங்குகள் திறந்த சமையலறை ஜன்னலுக்குள் கைவிட்டு வாழைப்பழத்தை எடுத்துப் போகும். அழிக் கம்பிகளின் இடைவெளி அகலமாக இருந்தால் வலை அடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

ஒப்பந்தம்

ஏஜென்ட் மூலம் போனால் அவருடைய எஃப்.எஃப்.சி. (ஃபிடெலிட்டி ஃபண்ட்) சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் அவர் அந்தத் தொழில் செய்யக்கூடாது. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ராண்டும் அனுப்பாதீர்கள். "நான் கேப் டவுனில் இருக்கிறேன், டெபாசிட் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்ற செய்தி கடற்கரை வாடகையில் அடிக்கடி வரும் ஏமாற்று.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி தேதி. பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை என்று பத்து மாதத்துக்குப் போட்டிருந்தால், சீசனில் ஏர்பிஎன்பிக்கு விட உங்களை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று பொருள். டிசம்பரில் சாமானோடு எங்கும் போக முடியாது. பன்னிரண்டு மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள், அல்லது வேறு வீடு பாருங்கள்.

1999-இன் வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட் வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும். குடி புகுமுன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். துரு, ஓதம், கீறல் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து அன்றே அனுப்பிவையுங்கள். கடலோர வீட்டில் துரு தானாக வரும். பட்டியலில் இல்லாத துரு உங்கள் தலையில் விழும். வெளியேறும்போதும் கூட்டுச் சோதனை உண்டு. குறையில்லை என்றால் டெபாசிட் வட்டியோடு 7 நாளில் திரும்ப வேண்டும், பழுது பார்க்க வேண்டியிருந்தால் வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைத்த 14 நாளுக்குள் மீதி வர வேண்டும். நீங்கள் சோதனைக்கு வராமல் விட்டால் 21 நாள் வரை இழுக்கலாம், அவர் சொல்வதே கணக்காகிவிடும். தகராறு என்றால் வாடகைத் தீர்ப்பாயத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டு மாற்றுவதோ மின்சாரத்தைத் துண்டித்து உங்களைக் கிளப்புவதோ சட்டப்படி செல்லாது.

வேலை வேறு ஊரில் கிடைத்துவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட ஒப்பந்தத்தில் 20 வேலை நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து இடையிலேயே வெளியேறலாம். நியாயமான இழப்பீடு கேட்பார்கள். அது எவ்வளவு என்பதைக் கையெழுத்திடும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வங்கிக்கும் சிம் கார்டுக்கும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று இருவருக்கும் தனித்தனியே தேவைப்படும். அவுட்பில்டிங்கில் பில் உங்கள் பெயரில் வராது. வீட்டுக்கார அங்கிளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள், இலவசமாகவே செய்து தருவார்கள்.

ஃப்ளாட் என்றால் பாடி கார்ப்பரேட் (ஃப்ளாட் உரிமையாளர்களின் கூட்டமைப்பு) விதிகளின் பிரதியைக் கேட்டுப் படியுங்கள். பால்கனியில் துணி காயப்போடுவது, வாசல் நடையில் விளக்கு வைப்பது, வண்டி நிறுத்துவது, வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்பது எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசி விதி முதல் டிசம்பரிலேயே உங்களுக்குத் தேவைப்படும். கடற்கரையில் வீடு எடுத்திருப்பது தெரிந்ததும் லெனேஷியாவிலிருந்தும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் அத்தை, மாமா, பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். எட்டுப் பேர் இருந்தால் அந்த 2,500 லிட்டர் மூன்றே நாள். உங்களில் ஒருவருக்கு விடுப்பும் கிடைக்காது. யார் எந்த வாரம் வருவது என்று அக்டோபரிலேயே பேசி, கேட்டில் இருப்பவரிடம் பெயர்களைக் கொடுத்து, டிசம்பர் பத்துக்குள் தொட்டியைக் கழுவி நிரப்பி வையுங்கள்.